தலை ஐந்து கிலோ

மூன்று மணிக்கு வரும்.
முதுநகர் ஐஸ் கம்பெனியில்
மத்தியான லோடு ஏற்றி முடிகிற நேரம்.
இடது புருவத்துக்கு மேலே
யாரோ ஆணியை ஊன்றிவிட்டு
சுத்தியலைத் தேடிப் போனது மாதிரி.

கண்ணாடி மாற்றினேன்.
திருப்பாதிரிப்புலியூர்க் கடைக்காரர்
பழைய பவரே சரி என்று சொல்லிவிட்டு
புது ஃபிரேமுக்குக் காசு வாங்கினார்.
பித்தம் என்றார்கள், இஞ்சிச் சாறு குடித்தேன்.
நீர் கோத்திருக்கு என்றார்கள், நொச்சி போட்டு வேது பிடித்தேன்.
கேஸ் என்றான் மைத்துனன் கலியபெருமாள்.
அவனுக்கு எல்லாமே கேஸ்தான்.
சலூனில் ஒருநாள்
கழுத்தைத் திருகி இரண்டு சடக்கு எடுத்தார்கள்.
அன்று மட்டும் ஆணி வலப்பக்கம் வந்தது.

ஸ்கேனில் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாதது இப்படி வலிக்குமா
என்று பெரியாஸ்பத்திரியில் கேட்டதற்கு
டாக்டர் சீட்டில் எழுதினார்:
பிசியோ, அறை பதினொன்று.

தஸ்லீமா, பரங்கிப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிறவள்.
நெற்றியைக் காட்டினேன். பார்க்கவில்லை.
பின்னால் வந்து நின்றாள்.
மண்டை முடிந்து கழுத்து தொடங்கும் பள்ளத்தில்
கட்டைவிரலை வைத்து,
காத்திருந்து,
அழுத்தினாள்.
புருவத்தில் வலித்தது!

"வலிக்கிறது அங்கே. இருக்கிறது இங்கே.
போனை எப்படிப் பிடிப்பீங்க?"

பிடிப்பதில்லையே.
தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்வேன்.
வலது கை எழுதும்,
இடது கை ஃபேன் காற்றுக்கு நோட்டை அமுக்கும்.
எந்தப் படகுக்கு எத்தனை பார்,
பாக்கி எவ்வளவு.
பதினோரு வருஷம்.

"ஐந்து கிலோ வஞ்சிரத்தைக் கையை நீட்டிப் பிடிங்கன்னா
எவ்வளவு நேரம் பிடிப்பீங்க?"
அரை நிமிஷம் என்றேன்.
"உங்க தலை அந்த எடை."

எடையும் கணக்குமாய்ப் பிழைக்கிறவன்,
இதைத் தராசில் வைத்ததில்லை.

தைலம் இல்லை, எண்ணெய் இல்லை. வெறும் விரல்.
தோளில் ஒரு முடிச்சு,
உப்பில் நனைந்து காய்ந்த நைலான் கயிற்று முடிச்சு,
இழுத்தால் இறுகுகிற ஜாதி.
அவள் இழுக்கவில்லை.
அதன்மேல் விரலை வைத்தபடி
ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்தாள்.
அது சலித்துப்போய்த் தானே விட்டுக்கொடுத்தது.

தாடைக்கு வந்ததும் நின்றாள்.
"ராத்திரி பல்லைக் கடிக்கிறீங்களா?"
இல்லை என்றேன்.
தாடை ஆமாம் என்றது.
கலியபெருமாள் வாங்கிய இரண்டு லட்சம்,
அதற்கு நான் போட்ட ஜாமீன் கையெழுத்து,
வீட்டில் சொல்லாதது,
எதுவும் அந்தச் சீட்டில் இல்லை.
அவளும் கேட்கவில்லை.

சலூன் சடக்குக்கு மட்டும் நன்றாகத் திட்டினாள்.
இடி விழுந்த மாதிரி திடீர்னு வந்தால்,
கை மரத்தால், பேச்சு குழறினால்
இங்கே வராதீங்க, நேரா எமர்ஜென்சி, என்றாள்.

வீட்டுப்பாடம் உண்டு.
முகவாயை உள்ளே இழுத்து ஐந்து எண்ண வேண்டும்.
கண்ணாடியில் பார்த்தால்
கடன்காரனைக் கண்டு பின்வாங்குகிற முகம்.
பழைய சாக்ஸில் இரண்டு டென்னிஸ் பந்து போட்டு
பிடரிக்கடியில் வைத்துப் படுக்க வேண்டும்.

தேவனாம்பட்டினம் தேசிங்கு கூப்பிட்டார்,
நாற்பது பார் அவசரம் என்று.
போனைக் கையில் பிடித்தேன்.
எழுதணும், லைன்ல இருங்க என்றேன்.
"உடம்பு சரியில்லையா?" என்றார்.

ஆறு வாரம் ஆயிற்று.
போய்விட்டதா என்றால், இல்லை.
புதன்கிழமை வந்தது,
நாலரைக்கு.
ஆணி இல்லை, குண்டூசி.

ஞாயிற்றுக்கிழமை
கையெழுத்தை மனைவியிடம் சொன்னேன்.
இரண்டு நாள் அவளுக்குத் தலைவலி.
சாக்ஸை நீட்டினேன்,
கொல்லைப்பக்கம் வீசினாள்.

இன்று விடிகாலை எழுந்து பார்க்கிறேன்.
பிடரிக்கடியில் அதை வைத்துக்கொண்டு
கண்ணை மூடிக் கிடக்கிறாள்.
"இன்னும் கொஞ்சம் மேலே" என்றேன்.
"தெரியும்" என்றாள்.